வாசகரிடமிருந்து தொடங்கும் நூலகம்

நூலகம் மக்களின் பல்கலைக்கழகம் என்று மேடைதோறும் கூறுகிறோம். அதற்கென அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் ஆண்டுதோறும் பொருள் ஒதுக்குகின்றன. சில மாநிலங்களில் மக்கள் சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகின்றனர். கட்டடங்கள் எழுகின்றன, அலமாரிகள் வாங்கப்படுகின்றன, நூல்கள் இருப்புப் பதிவேட்டில் ஏறுகின்றன. ஆண்டறிக்கையில் இவை அனைத்திற்கும் எண்கள் உண்டு. ஆனால், வாயிற்படி வரை வந்து திரும்பிச் சென்றவர் எத்தனை பேர், வந்தும் வேண்டிய நூல் கிடைக்காமல் போனவர் எத்தனை பேர், வர விரும்பியும் வர இயலாதவர் யார் என்னும் கேள்விகளுக்கு அந்த அறிக்கைகளில் பெரும்பாலும் விடை இருப்பதில்லை.

வீட்டில் அமர்ந்து படிக்க இடமில்லாத மாணவன், இருட்டிய பின் தனியே வீடு திரும்பத் தயங்கும் மாணவி, படிக்கட்டு ஏற இயலாத முதியவர், வேலை முடிந்து வரும் நேரத்தில் நூலகம் பூட்டப்பட்டிருப்பதைக் காணும் தொழிலாளி ஆகியோரே நூலகத்தின் உதவி மிகுதியும் தேவைப்படுவோர். நூல்களை விலை கொடுத்து வாங்க வல்லவருக்கு நூலகம் பல வசதிகளுள் ஒன்று. இவர்களுக்கோ அதைவிட்டால் வேறு வழியில்லை. இவர்கள் வராத நூலகத்தில் எத்தனை ஆயிரம் நூல்கள் இருந்தாலும், செலவிட்ட பொருள் அதன் பயனை அடைந்ததாகக் கொள்ள இயலாது.

இக்குறையை நீக்க உலகின் பல நூலகங்கள் இன்று கையாளும் முறைகளுள் ஒன்று ‘டிசைன் திங்கிங்’ எனப்படும் வடிவமைப்புச் சிந்தனை. அது யாது, நம் நாட்டு நூலக மரபுடன் அதற்குள்ள உறவு யாது, ஒரு சாதாரணக் கிளை நூலகத்தில் அதனை எவ்வாறு கையாளலாம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முறையின் இயல்பு

வடிவமைப்பு என்றதும் அழகுபடுத்துதல், வண்ணம் தீட்டுதல், புதிய நாற்காலி வாங்குதல் என்பவையே நினைவுக்கு வருகின்றன. ஆனால் அச்சொல்லின் பொருள் விரிந்தது. இருக்கும் நிலையைவிட மேலான ஒரு நிலையை அடைய வழிவகுக்கும் எவரும் வடிவமைப்பில் ஈடுபட்டவரே என்னும் கருத்தை அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1969ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார். நோயைத் தீர்க்கும் மருத்துவரும், திட்டம் தீட்டும் நிர்வாகியும் இவ்வகையில் வடிவமைப்பாளர்களே ஆவர்.

இம்முறையை ஐந்து படிகளாகப் பகுத்துக் கூறுவது வழக்கம். பயன்படுத்துவோரின் நிலையை அருகிருந்து உணர்தல் முதற்படி. கண்டவற்றிலிருந்து உண்மையான சிக்கல் எது என வரையறுத்தல் இரண்டாம் படி. அதற்குரிய பல வழிகளைத் தயக்கமின்றித் திரட்டுதல் மூன்றாம் படி. அவற்றுள் ஏற்ற ஒன்றைக் குறைந்த செலவில் மாதிரியாக அமைத்தல் நான்காம் படி. அம்மாதிரியைப் பயன்படுத்துவோரிடமே சோதித்து, குறை கண்டால் திருத்துதல் ஐந்தாம் படி. திருத்திய பின் மீண்டும் முதற்படிக்குச் செல்லவும் நேரிடலாம்.

வழக்கமான நிர்வாக முறையில் முதலில் முடிவு எடுக்கப்படுகிறது. பின்னர் மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, கொள்முதல் ஆகியவை நடைபெறுகின்றன. வாசகர் இறுதியிலேயே வருகிறார். அப்பொழுது பிழை தெரியவந்தாலும் திருத்த இயலாத அளவுக்குப் பணம் செலவாகியிருக்கும். வடிவமைப்புச் சிந்தனை இவ்வரிசையை மாற்றுகிறது. பிழை மலிவாக இருக்கும் நிலையிலேயே அதனைக் கண்டறிந்துவிட முயல்கிறது.

லோட்டா தரும் பாடம்

இச்சிந்தனை நம் நாட்டிற்குப் புதியதன்று. இந்திய அரசின் வேண்டுகோளின் பேரில் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958ஆம் ஆண்டு ஓர் அறிக்கை அளித்தனர். அதன் விளைவாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. நம் நாட்டில் தாங்கள் கண்டு வியந்த பொருள்களுள் மிகச் சிறந்ததாக அவர்கள் அவ்வறிக்கையில் எடுத்துக்காட்டியது, வீடுதோறும் புழங்கும் லோட்டா என்னும் சிறு செம்பாகும்.

அச்செம்பைப் புதிதாக வடிவமைக்க முற்படுபவர் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும் என அவர்கள் வரிசைப்படுத்தினர். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், அதனைத் தூக்குவது ஆணின் கையா, பெண்ணின் கையா, குழந்தையின் கையா, தலையில் வைப்பரா, இடுப்பில் வைப்பரா, நிறைந்திருக்கையிலும் வெறுமையாக இருக்கையிலும் அதன் சமநிலை எவ்வாறு இருக்கும், நீர் எவ்வாறு ஊற்றப்படும், எவ்வாறு துலக்கப்படும் என்பன அவ்வரிசையில் அடங்கும். தனி ஒருவர் வரைந்ததன்று அச்செம்பின் வடிவம். தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தியோரின் அனுபவமே அதனைச் செப்பனிட்டது. ஒரு செம்புக்கு இத்தனை கேள்விகள் எழுமாயின், நாள்தோறும் பலதரப்பட்ட மக்கள் வந்து செல்ல வேண்டிய நூலகத்திற்கு எத்தனை கேள்விகள் எழ வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

சென்னையில் ஒரு முன்னோடி

நூலகத் துறையில் இவ்வகைக் கேள்விகளை முறையாக எழுப்பியவர் சீ. இரா. அரங்கநாதன். 1892இல் சீர்காழியில் பிறந்த அவர், கணித ஆசிரியராகப் பணியாற்றியபின் 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றபோது அந்நாட்டு நூலகங்கள் பலவற்றை நேரில் கண்டு ஆராய்ந்தார். இலண்டன் கடையொன்றில் துண்டுகளை இணைத்துப் பலவகை உருவங்களை ஆக்கும் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டதே, தம் கோலன் பகுப்பு முறைக்குத் தூண்டுகோலாயிற்று என அவர் பின்னாளில் கூறியுள்ளார்.

1931ஆம் ஆண்டு சென்னை நூலகச் சங்கம் வெளியிட்ட அவரது ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ உலகப் புகழ் பெற்றது. நூல்கள் பயன்படுவதற்கே உரியவை என்பது அதன் முதல் விதி. இவ்விதியின் கீழ் அவர் ஆராய்வன நூலகத்தின் அமைவிடம், திறந்திருக்கும் நேரம், அறைகலன், பணியாளர் ஆகியவையே. மக்கள் நடமாட்டம் இல்லாத இடத்தில் அமைந்த நூலகமும், மக்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் மூடியிருக்கும் நூலகமும் இவ்விதிக்கு முரணானவை என்பது அவர் வாதத்தின் சாரம்.

வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது நான்காம் விதி. இவ்விதியை விளக்க அவர் மேற்கொண்ட வழி சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. ஒரு வாசகர் நூலகத்தினுள் நுழையும் கணம் முதல் வெளியேறும் கணம் வரை அவரைப் பின்தொடர்ந்து, அவர் கடக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் நேரம் எங்கே வீணாகிறது என்பதை அவர் ஆராய்கிறார். நூற்பட்டியலில் தேடி, சீட்டு எழுதிக் கொடுத்து, பணியாளர் உள்ளே சென்று நூலை எடுத்துவரும் வரை காத்திருந்து, வந்த நூல் தமக்கு ஏற்றதன்று எனக் கண்டு, மீண்டும் சீட்டு எழுதும் வாசகரின் அலைச்சலை அவர் கணக்கிட்டுக் காட்டுகிறார். வாசகரே அடுக்குகளிடையே சென்று நூலை எடுத்துப் பார்க்கும் திறந்த அடுக்கு முறையை அவர் வலியுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணமாகும். இன்று வடிவமைப்பாளர்கள் ‘பயனரின் பயண வரைபடம்’ எனக் குறிப்பிடுவது ஏறத்தாழ இதுவே.

இரண்டிற்கும் வேறுபாடும் உண்டு. அரங்கநாதன் விதிகளை வகுத்து, அவற்றிலிருந்து நடைமுறைகளைத் தருவித்தார். வடிவமைப்புச் சிந்தனையோ ஒவ்வோர் இடத்திலும் வாசகரையே நேரில் கண்டு, நடைமுறையைச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது. விதி நாடெங்கும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் மீனவர் குப்பத்து நூலகம் எந்நேரம் திறந்திருக்க வேண்டும், மலைக் கிராமத்து நூலகம் எந்நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை அங்கங்கு வாழ்வோரைக் கேட்டே அறிய முடியும்.

வாசகரைத் தேடிச் சென்ற நூல்கள்

வாசகரின் நிலையிலிருந்து தொடங்கியதற்கு நம் வரலாற்றில் வேறு சான்றுகளும் உள்ளன. பரோடா சமஸ்தானத்தில் மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் 1910ஆம் ஆண்டு வில்லியம் ஆலன்சன் போர்டன் என்னும் அமெரிக்க நூலகரை வரவழைத்து நூலக இயக்கத்தைத் தொடங்கினார். நூலகம் இல்லாத ஊர்களுக்கு மரப்பெட்டிகளில் நூல்கள் அனுப்பப்பட்டன. 1931ஆம் ஆண்டு மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் நூல்கள் கிராமம் கிராமமாகச் சென்றன. கட்டடம் கட்டப் பொருள் சேரும்வரை காத்திராமல், கையில் இருந்த பெட்டியையும் வண்டியையும் கொண்டே தேவையை நிறைவேற்ற முற்பட்டனர்.

சுதந்திரத்திற்குப்பின் யுனெஸ்கோவும் இந்திய அரசும் இணைந்து நிறுவிய தில்லிப் பொது நூலகத்தை 1951 அக்டோபர் 27 அன்று பிரதமர் நேரு திறந்து வைத்தார். அது வெறும் நூலகமாக அன்றி, ஆசிய நாடுகளின் பொது நூலகங்களுக்கு வழிகாட்டும் ஒரு முன்னோடித் திட்டமாகவே கருதப்பட்டது. அதன் பணி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை மதிப்பிட்ட பிராங்க் கார்ட்னரின் அறிக்கையை 1957இல் யுனெஸ்கோ வெளியிட்டது. செய்து பார்த்தல், அளந்து பார்த்தல், பின்னர் விரிவாக்குதல் என்னும் முறை நமக்குப் பழக்கமானதே என்பதற்கு இது சான்றாகும்.

டென்மார்க்கின் அனுபவம்

அண்மைக் காலத்தில் இம்முறையைத் திட்டமிட்டு நூலகங்களில் கையாண்டவற்றுள் டென்மார்க் நாட்டின் ஆர்ஹுஸ் நகர நூலகம் குறிப்பிடத்தக்கது. புதிய கட்டடம் எழுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, பழைய நூலகத்தின் கூடத்தில் இடத்தை மாற்றி மாற்றி அமைத்து, மக்கள் அதை எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்று அந்நூலகத்தார் கவனித்து வந்தனர். 2015இல் திறக்கப்பட்ட ‘டொக் ஒன்’ என்னும் புதிய கட்டடத்தில் நூலகத்துடன் நகராட்சியின் குடிமக்கள் சேவைப் பிரிவும் ஒரே கூரையின் கீழ் அமைந்தது. நகர மருத்துவமனையில் குழந்தை பிறந்தவுடன் பெற்றோர் ஒரு பொத்தானை அழுத்தினால் நூலகக் கூடத்தில் பெரிய மணி ஒலிக்கும் ஏற்பாடும் அங்குண்டு. நூலகம் தங்களுடையது என்னும் உணர்வை மக்களிடம் ஊட்டுவதற்கு இதுவும் ஒரு வழி. 2016ஆம் ஆண்டு பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு அதனை ஆண்டின் சிறந்த பொது நூலகமாகத் தெரிந்தெடுத்தது.

இந்நூலகமும் அமெரிக்காவின் சிகாகோ பொது நூலகமும் ஐடியோ என்னும் வடிவமைப்பு நிறுவனத்துடன் சேர்ந்து, நூலகர்களுக்கான வடிவமைப்புச் சிந்தனைக் கையேடு ஒன்றை 2015இல் வெளியிட்டன. அவர்தம் கட்டடங்களையும் செலவையும் நாம் பின்பற்ற இயலாது. பின்பற்றத் தேவையும் இல்லை. கட்டுமுன் சோதித்துப் பார்த்த அவர்களின் பொறுமையையே நாம் பெற வேண்டும்.

ஒரு கிளை நூலகத்தில் செயல்முறை

இம்முறையைத் தெளிவாக்க ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். ஒரு சிறு நகரின் கிளை நூலகத்தில் பெண் வாசகர் வருகை மிகக் குறைவு. மகளிருக்கான நூல்கள் வாங்க நிதி வேண்டும் எனக் கோரிக்கை அனுப்புவது வழக்கமான நடைமுறை. வடிவமைப்புச் சிந்தனையைக் கைக்கொள்ளும் நூலகர் உடனே அக்கோரிக்கையை அனுப்பமாட்டார்.

முதலில் அவர் ஒரு வாரம் கவனிப்பார். காலை, நண்பகல், மாலை ஆகிய வேளைகளில் யார் எங்கு அமர்கின்றனர், எவ்வளவு நேரம் இருக்கின்றனர், எங்கே தயங்கி நிற்கின்றனர் என்பதைத் தாளில் குறித்துக்கொள்வார். நூலகத்திற்கு வருவோரை மட்டும் கேட்டால் போதாது; வாராதவரையும் கேட்க வேண்டும். எனவே கல்லூரி வாயிலிலும் பேருந்து நிறுத்தத்திலும் மாணவிகளுடன் உரையாடுவார். ‘நூலகத்திற்கு ஏன் வருவதில்லை?’ என வினவினால் நேரமில்லை என்னும் விடையே கிடைக்கும். ‘நேற்று மாலை கல்லூரி விட்டபின் என்ன செய்தீர்கள்?’ என வினவினால் உண்மை நிலை விளங்கும்.

இவ்வாறு கவனித்ததில் சில செய்திகள் தெரியவருவதாகக் கொள்வோம். வாயிலை ஒட்டியே நாளிதழ் மேசை இருக்கிறது. அதனைச் சுற்றி அமர்ந்திருக்கும் ஆண்களைக் கடந்தே உள்ளே செல்ல வேண்டும். கழிப்பறையின் சாவி நூலகரிடம் உள்ளது. கேட்டுப் பெற மாணவிகள் கூசுகின்றனர். உறுப்பினராக ஒருவரின் பிணைக் கையொப்பம் தேவை. வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்போருக்கு அது கிட்டுவதில்லை. நூல்கள் இல்லை என்பதை ஒருவரும் குறையாகக் கூறவில்லை.

இப்பொழுது சிக்கல் வேறு வடிவம் பெறுகிறது. கல்லூரி விட்டுப் பேருந்து வரும்வரை உள்ள ஒரு மணி நேரத்தை மாணவிகள் தயக்கமின்றி நூலகத்தில் கழிக்க என்ன செய்யலாம் என்பதே இனி விடை காண வேண்டிய கேள்வி. நூலகரும் உதவியாளரும் துப்புரவுப் பணியாளரும் வாசகர் சிலரும் கூடியமர்ந்து தோன்றும் வழிகளையெல்லாம் எழுதுவர். எழுதும்போதே எதனையும் தள்ளிவிடலாகாது. வாயிற்புறத்தை நாள்தோறும் காண்பவர் துப்புரவுப் பணியாளரே. அவர் கூறுவதில் அலுவலர் அறியாத உண்மை இருக்கக்கூடும்.

அடுத்து மாதிரி. நாளிதழ் மேசை கூடத்தின் மறுகோடிக்கு மாற்றப்படுகிறது. கழிப்பறைச் சாவி எவரும் எடுக்கத்தக்க ஆணியில் தொங்கவிடப்படுகிறது. பிணைக் கையொப்பம் இன்றி, கல்லூரி அடையாள அட்டையின் பேரில் ஒரு நூல் மட்டும் இரவல் தர மேலதிகாரியின் தற்காலிக அனுமதி பெறப்படுகிறது. இரண்டு வாரங்களுக்குச் சோதனை என ஓர் அட்டையில் எழுதி வாயிலில் வைக்கப்படுகிறது. இவற்றிற்கு ஒப்பந்தப்புள்ளி தேவையில்லை.

நாள்தோறும் வருவோரைக் கோடிட்டு எண்ணினால் விளைவு தெரியும். மாணவிகள் வரத் தொடங்கலாம். ஆனால் மறுகோடியில் வெளிச்சம் போதவில்லை என முதியவர்கள் குறைகூறலாம். ஒருவருக்குச் செய்த நன்மை மற்றொருவருக்குத் தீங்காதல் கூடாது. எனவே மேசையைச் சன்னலோரமாக நகர்த்தி மீண்டும் சோதிக்க வேண்டும். முடிவு உறுதியான பின்னரே நிரந்தர மாற்றத்திற்கு நிதி கோருவது பொருத்தம். அப்பொழுது கோரிக்கையுடன் சான்றும் இணைந்து செல்லும்.

பூட்டிய அலமாரியும் தணிக்கை அச்சமும்

இத்தகைய முயற்சிகளுக்குத் தடையாக நிற்பவற்றுள் முதன்மையானது நூல் காணாமற்போனால் தம் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படும் என்னும் அச்சம். இவ்வச்சத்தால் நல்ல நூல்கள் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கப்படுகின்றன. நூலகரை மட்டும் இதற்குக் குறைகூறுதல் நியாயமாகாது. பாதுகாத்தோருக்குப் பாராட்டும் பயன்படுத்த விட்டோருக்குத் தண்டனையும் கிடைக்குமாயின் அலமாரிகள் பூட்டியே இருக்கும்.

விதிகளோ நாம் எண்ணுவதைவிட விரிந்த நோக்குடையவை. மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017, 215ஆம் விதியின்படி, ஓர் ஆண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஒவ்வோர் ஆயிரம் நூல்களுக்கும் ஐந்து நூல்கள் இழப்பு என்பது ஏற்கத்தக்கதே. அவ்விழப்பு நேர்மையின்மையாலோ கவனக்குறைவாலோ நேர்ந்ததாக இருத்தலாகாது. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட விலையுள்ள நூல்களும் அரிய நூல்களும் இழக்கப்பட்டால் மட்டும் கட்டாயம் விசாரணை நடைபெற வேண்டும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. அனுமதிக்கப்படும் இழப்பு, நூலகத்தில் உள்ள நூல்களின் தொகையைச் சார்ந்ததன்று. பயன்பட்ட நூல்களின் தொகையைச் சார்ந்தது. நூல்கள் எவ்வளவு மிகுதியாகப் பயன்படுகின்றனவோ அவ்வளவுக்கு விதியும் இடம் தருகிறது. மாநில, உள்ளாட்சி நூலகங்களுக்குத் தத்தம் விதிகளே பொருந்தும். எனினும், அவற்றை மேற்பார்வையிடும் அலுவலர்கள் அவ்விதிகளை எடுத்துப் படித்து, நூலகர்களின் அச்சத்தைப் போக்குதல் அவர்தம் கடமையாகும்.

எல்லைகள்

வடிவமைப்புச் சிந்தனை சர்வரோக நிவாரணியன்று. நூல் வாங்க நிதியும், நிரந்தரப் பணியாளரும் இல்லாத நூலகத்தை மேசை நகர்த்தியே வளர்த்துவிட முடியாது. நிதியை மறுப்பதற்கு இம்முறையை ஒரு சாக்காகக் கொள்ளுதல் கூடாது. ஒருநாள் பயிலரங்கம் நடத்தி, வண்ணத் தாள்களைச் சுவரில் ஒட்டி, புகைப்படம் எடுத்தவுடன் முடிந்துவிடும் சடங்காகவும் இது ஆகிவிடலாகாது.

மேலும், சில செய்திகள் சோதனைக்கே உரியவையல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டம், 2016 பொது இடங்களில் தடையற்ற அணுகல் வேண்டும் எனக் கூறுகிறது. சக்கர நாற்காலியில் வருவோர் எத்தனை பேர் என எண்ணிப் பார்த்துச் சாய்தளம் அமைக்கலாமா என முடிவு செய்வது தவறு. சாய்தளம் இல்லாத இடத்திற்கு அவர்கள் எவ்வாறு வருவர்? சாய்தளம் வேண்டும் என்பது சட்டம். அது எங்கே, எத்தனைச் சரிவில் இருந்தால் பயன்படும் என்பதை அவர்களிடமே கேட்டறிதல் வடிவமைப்பு. இரண்டும் வேண்டும்.

செய்யத்தக்கவை

மாவட்ட அளவில் பொறுப்பு வகிப்போர் பெருஞ்செலவின்றி உடனே தொடங்கத்தக்கவை சில உண்டு. ஒவ்வொரு நூலகத்திலும் ‘கேட்டும் கிடைக்காத நூல்கள்’ எனும் தலைப்பில் ஒரு குறிப்பேடு வைக்கலாம். ஆண்டில் இருமுறையேனும் நூலகர் வாசகர் நாற்காலியில் அமர்ந்து, ஓர் அந்நியர் நூலகத்தைப் பயன்படுத்துவதைத் தொடக்கம் முதல் இறுதிவரை கவனித்துக் குறிப்பெழுதலாம். ஒரு மாத காலச் சோதனைகளைத் தம் பொறுப்பில் செய்து பார்க்கும் அதிகாரத்தை நூலகருக்கு எழுத்து மூலம் வழங்கலாம். வெற்றி பெறாத சோதனைகளையும் ஒரு பக்க அளவில் எழுதி மற்ற நூலகங்களுக்கு அனுப்பலாம்; ஓரிடத்தின் பிழை மற்றோரிடத்தின் செலவை மிச்சப்படுத்தும்.

சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், வாசகர் தம் சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கெனத் தனிப் பகுதி உண்டு. நூலகத்தின் நூல்களைத் தொடாதவரையும் வாசகராக ஏற்கும் ஏற்பாடு அது. போட்டித் தேர்வுகளுக்குப் பயிலும் இளைஞர்களுக்கு வேண்டியது ஒரு மேசையும் விளக்கும் அமைதியும் என்பதை அறிந்தோர்க்கு அதன் அருமை விளங்கும்.

நூலகம் வளர்ந்துகொண்டேயிருக்கும் உயிர் போன்றது என்பது அரங்கநாதன் வகுத்த ஐந்தாம் விதி. உயிருள்ளவை சூழலை உணர்ந்து தம்மை மாற்றிக்கொள்கின்றன. ஒரு நூலகம் தன் சூழலை உணர்வதற்கு அங்குப் பணிபுரிவோரின் கண்களும் செவிகளுமே கருவிகள். அடுத்த ஆண்டிற்கான மதிப்பீட்டைத் தயாரிக்க அமருமுன், ஒரு நாள் மாலை தம் நூலகத்தின் வாயிலில் நின்று, உள்ளே வருவோரையும் வாராமல் கடந்து செல்வோரையும் ஒவ்வொரு நூலகரும் அலுவலரும் கவனிப்பாராயின், அந்த மதிப்பீட்டில் எழுத வேண்டிய முதல் வரி அவர்களுக்குத் தெரிந்துவிடும்.